ஆறடி பத்தங்குலத் தீர்வு

தோற்கிற அணிக்கு எங்கள் திண்ணைகளில் ஒரே வைத்தியம்தான்: "பழசுகளை வீட்டுக்கு அனுப்பிப்போட்டு இளசுகளை இறக்குங்கோ." இலங்கை வலைப்பந்தாட்டத்தில் இந்த மருந்து எடுபடவில்லை. குறுக்கே நின்றவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், 208 செ.மீ.

கூடைப்பந்திலிருந்து பிறந்த ஆட்டம் இது; ஆனால் பந்தோடு ஓட முடியாது, வளையத்துக்குப் பின்னால் பலகையும் இல்லை. ஆகவே இலங்கை அணியில் ஆறு பேர் பந்தை மேலே எறிவார்கள். ஏழாமவரான தர்ஜினி எட்டிப் பிடித்து, வளையத்துக்குள் போடுவார். இதற்குப் பெயர் வியூகம்!

2009இல் ஆசியக் கிண்ணம் வந்தது. அடுத்த மூன்று முறையும் சிங்கப்பூரும் மலேசியாவும் கொண்டுபோயின. 2018இல் தர்ஜினியை மறுபடி அணிக்குக் கூப்பிட்டார்கள். கிண்ணமும் கூடவே வந்தது. 2022இல் அவருக்கு வயது 43. ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 63–53 என்று வென்றார்கள்.

இளையோரை வளர்க்கவில்லை என்று குறை சொல்லக்கூடாது. பந்தை வானத்துக்கு எறிய அவர்களுக்கு நன்றாகவே பழக்கியிருக்கிறார்கள். கீழே நிற்கிறவளுக்கு எறிவது அடுத்த பாடத்திட்டத்தில் வருமாக்கும்.