விழுவதற்கு வாடகை போதும்

கேள்வி: விண்ட்சர்ஃபிங் பழக ஆசை. பலகை, பாய் எல்லாம் வாங்க எவ்வளவு ஆகும் சார்?

பதில்: காற்று இலவசம். அதைப் பிடிக்கும் சாமான்தான் பாக்கெட்டைப் பிடிக்கும்! பலகை, பாய், பாய்மரம், கையில் பிடிக்கும் பூம் என்று முழு செட் புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே, முதலில் எதையும் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்க வைக்கும். 70 கிலோ ஆள் தடுமாறாமல் நின்று பழக 180, 200 லிட்டர் அகலப் பலகை வேண்டும். கை தேறிய பிறகு அதே ஆளுக்கு 100 லிட்டரே போதும். பெரிய பலகை மூலையில் தூங்கும். பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி, அவர்கள் பலகையிலிருந்து விழுவதுதான் லாபம். எத்தனை தடவை விழுந்தாலும் அதே கட்டணம்தான்!

பிறகு பழைய சாமானாகப் பார்த்து வாங்குங்கள். பாயை வெயிலில் விரித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பகுதி மங்கி, மடித்தால் மொறுமொறுத்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பலகையின் மேற்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே நைந்துவிட்டது என்று அர்த்தம். பாய்மரத்தில் கார்பன் கூடக் கூட விலையும் கூடும். ஆரம்பத்துக்கு 30 சதவீதம் தாராளம். பலகையையும் பாய்மரத்தையும் இணைக்கும் ரப்பர் மூட்டை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். கடலில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். மிதவை அங்கியிலும் கஞ்சத்தனம் கூடாது.