சப்பைக் கல்

அருப்புக்கோட்டையில் வண்டி மாற்றியவனிடம் முதலில் கேட்பது விலை அல்ல. "எம்புட்டு கொடுக்கும்?" என்பார்கள். பதினோரு வருஷம் நான் ஓட்டிய 100 சிசி வண்டி லிட்டருக்கு அறுபதுக்குக் குறையாமல் கொடுத்தது. நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லியே பழகிவிட்டேன். மதுரையில் ஒருவர் ஓட்டிச் சலித்த ஹிமாலயன் பைக்கை வாங்கிவந்து நிறுத்திய அன்று டீக்கடை அண்ணாச்சியும் அதையே கேட்டார். "முப்பது" என்றேன். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஒரு சக்கரத்துக்கா?"

இமயமலை பேரைச் சொல்லிக்கொண்டு 2016-ல் வந்த வண்டி. பிறந்தது என்னவோ சென்னைப் பக்கம். 411 சிசி. எடை 200 கிலோவை நெருங்கும். முன் சக்கரம் 21 அங்குலம், பாறைகளில் ஏறி இறங்குவதற்காம். எங்கள் பக்கத்தில் கல் உண்டு. பந்தல்குடி சுண்ணாம்புக் கல், அதுவும் பூமிக்கு அடியில். பூமிக்கு மேலே இருப்பது சீமைக் கருவேல முள். அதற்கு 18 அங்குலமும் ஒன்றுதான், 21 அங்குலமும் ஒன்றுதான்.

இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். பழைய வண்டிக்கு 785. பதினைந்து மில்லிமீட்டர்தானே, செருப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இருக்கை எவ்வளவு அகலம் என்பது கண்ணில் படவில்லை. அகலத்தில் உட்கார்ந்தால் கால் குட்டையாகிவிடும் என்பதை ஐந்தடி நாலங்குல ஆசாமி பந்தல்குடி சாலை முக்கில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கண்டுகொண்டான். ஒரு கால் கட்டைவிரல் மட்டும் பூமியில், மற்றது ஆகாசத்தில். பின்னால் மல்லிகைப்பூக் கூடையோடு எக்ஸ்எல் மொபெட்டில் நின்ற அம்மா, "நட்டுக்கிட்டு நிக்காம ஓரமாப் போங்க தம்பி" என்றார். ஓரமாகப் போகவும் கால் எட்ட வேண்டுமே.

பெட்ரோல் டேங்க் 15 லிட்டர். நிரப்பினால் நானூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும். லடாக் போகிறவனுக்கு அது வரப்பிரசாதம். என் நெடும்பயணமெல்லாம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் திருச்சுழி மாமியார் வீட்டோடு முடிந்துவிடும். ஒரு டேங்குக்குப் பதினாலு தடவை போய்வரலாம். அத்தனை தடவை போனால் மரியாதை இருக்காது.

அதிலும் திருச்சுழிக்காரர்களிடம் தூரப் பயணம் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. 1879-ல் அந்த ஊரில் பிறந்த வேங்கடராமன், 1896-ல் மதுரையில், அண்ணன் காலேஜுக்குக் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறியவர். கொஞ்சம் ரயில், கொஞ்சம் நடை, நடுவில் கடுக்கனை அடகு வைத்து இன்னொரு ரயில். திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர் ரமண மகரிஷி ஆகி, 1950-ல் கண்ணை மூடும்வரை அங்கிருந்து நகரவில்லை. என் மைத்துனன் இதை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கிய அலுமினியப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தான்.

"உள்ள என்ன மச்சான் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

அன்றைக்கு அது உண்மை.

ஐப்பசியில் நாலு நாள் மழை பெய்து ஓய்ந்த காலை, திருச்சுழி போகும் வழி. கண்மாயில் தண்ணீர் கிடந்தது, கரையில் பனை நின்றது. வண்டியைப் படம் எடுக்காமல் எப்படிப் போவது? சாலையை விட்டு இறக்கி, சைடு ஸ்டாண்டைப் போட்டுப் பத்தடி நடந்தேன். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், மழையில் அல்வா. திரும்பிப் பார்த்தால் வண்டி சாய்ந்துகொண்டிருந்தது. விழவில்லை, சாய்ந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா திண்ணையில் தலை சாய்ப்பாரே, அந்த நிதானம். ஓடிப்போய்ப் பிடிக்க நேரம் இருந்தது. பிடித்தால் அடியில் நானும் இருப்பேன் என்று யோசிக்கவும் நேரம் இருந்தது.

படுத்த பெரிய வண்டியைத் தூக்குவது எப்படி என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன். முதுகைக் கொடுத்து, குந்தி, கால் பலத்தில் எழும்ப வேண்டும். எழும்பினேன். செருப்பு மட்டும் உள்ளே போனது. ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடுன்னா வாலை முறுக்கலாம். இதுல எதைப் புடிச்சு முறுக்குறது?"

கடைசியில் அவரும், வரப்பில் போன இரண்டு பேரும் சேர்ந்து எழுப்பினார்கள். பெரியவருடைய எக்ஸ்எல் பக்கத்திலேயே, கருவேல நெற்றுச் சாக்கு மூன்றைச் சுமந்தபடி ஆடாமல் அசையாமல் நின்றது. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு சப்பைக் கல்.

"இது கூடவா தெரியாது?" என்று அந்தக் கல்லைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். "வச்சுக்கிருங்க. எனக்கு வேற கெடைக்கும்."

பெட்டியில் போட்டுக்கொண்டேன். திருச்சுழி போய்ச் சேர்ந்தபோது முழங்கால்வரை சேறு. மாமியார் செம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தார். மாப்பிள்ளை பெரிய வண்டியில், பெட்டியெல்லாம் வைத்து வந்திருக்கிறாரே என்று ஆசையாக மூடியைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பெரிய வண்டியில, இந்தக் கல்லையா கொண்டாந்தீக?"