குழலுக்கு அரங்கேற்றம்

கேள்வி: கனடாவில் இருக்கிற மருமகன் மான் வேட்டைக்குப் புதுத் துவக்கு வாங்கியிருக்கிறார். ‘முதலில் குழலைப் பழக்க வேணும்’ என்கிறார். இரும்புக்கு என்ன பழக்கம்? (வலந்தலைச் சந்தி வாசகர்)

பதில்: ஒரு வெடி, ஒரு துடைப்பு, திரும்ப ஒரு வெடி, ஒரு துடைப்பு. பத்து வெடிவரை இந்தச் சடங்கு நடக்கும். ரவை இருக்கும் அறையைக் கடைகிற கருவி, குழலுக்குள் சுருள்வரி தொடங்குகிற கழுத்தில் நுண்ணிய குறுக்குக் கீறல்களை விட்டுவிடும். செப்புக் கவசம் போட்ட ரவை அதில் உரசிச் செம்பை அப்பிவிட்டுப் போகும். அப்பியதன்மேல் அப்பாமல் இருக்கத்தான் இடையில் துடைப்பு. செம்பு கரைக்கும் மருந்தில் நனைத்த சீலை நீலமாக வெளியே வரும். நீலம் வெளிறினால் அரங்கேற்றம் முடிந்தது. ‘எல்லாம் வீண்வேலை, குழல்தான் தேயும், குழல் விற்பவனுக்குத்தான் லாபம்’ என்பது அமெரிக்கக் குழல் வினைஞர் கேல் மக்மில்லனின் கட்சி. நான் பாதி அவர் பக்கம். உள்ளே கையால் மெருகிட்ட விலைகூடிய குழலுக்கு இரண்டு மூன்று வெடியே போதும்.

கேள்வி: பெரியப்பாவின் இரட்டைக்குழல் துவக்கையும் இப்படிப் பழக்கினார்களா?

பதில்: அதற்குள் சுருள்வரியே இல்லை, வழுவழுப்பு. பழக வேண்டியது பெரியப்பாவின் தோள்மூட்டு.

கேள்வி: காரைநகர் உப்புக்காற்றில் கதவுப் பிணைச்சலே கறள் பிடிக்கிறது. குழல் தாங்குமா?

பதில்: வெளியே அடிக்கிற உப்பைவிட உள்ளே ஊறுகிற உப்பு கெட்டது. பழைய 303 ரவைகளின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைட்டாகிக் குழலில் தங்கும். கறியுப்பின் ஒன்றுவிட்ட தம்பி; காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கறள் தொடங்கும். எண்ணெய் போட்டால் போகாதா என்பீர்கள். மீன்குழம்பில் உப்புக் கூடினால் எண்ணெய் விட்டா சரிக்கட்டுகிறீர்கள்? பிரித்தானியச் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றினார்கள். பிறகு ஈரம் போகத் துடைத்து, மெல்ல எண்ணெய். இன்றைய ரவைகளில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் துவக்கை உறைக்குள் பூட்டி மாதக்கணக்கில் மறந்தால், உறை குடித்த ஈரமே போதும்.

கேள்வி: தேங்காயெண்ணெய் பூசலாமா?

பதில்: தலைக்குப் பூசுங்கள். குழலில் நாட்பட்டால் பிசினாகும். மருமகன் ஊரில் 24 பாகைக்குக் கீழே அது வெண்ணெய்க் கட்டி!

கேள்வி: துடைப்புத் தடியை எந்தப் பக்கத்தால் விடுவது?

பதில்: ரவை இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, பின்பக்கத்தால். வாய்விளிம்பில் தடி உரசிச் சிதைந்தால், வெளியேறும் கணத்தில் ரவை கோணும். குழலைக் கெடுத்தவர்களில் சுட்டவர்களைவிடச் சுத்தம் பார்த்தவர்கள் குறைவில்லை.

கேள்வி: இங்கே ஒன்று வாங்கி வைத்தால்?

பதில்: 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் கறள் பிடிக்கவில்லை. அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேணும்.

கேள்வி: நம் காரைநகர்க் கடற்கோட்டைப் பீரங்கிகளை எப்படித் துடைத்திருப்பார்கள்?

பதில்: தடி நுனியில் ஈரத்தோல் சுற்றி, வெடிக்கு வெடி. கனல் மிஞ்சினால் அடுத்த மருந்து போடுகிறவன் மிஞ்சமாட்டான். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது போர்த்துக்கேயரைக் கைவிட்டது குழல் அல்ல, தண்ணீர்த்தொட்டி. சுற்றிலும் கடல், குடிக்கச் சொட்டில்லை. கோட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இப்போது அங்கே கடற்படை விடுதி நடத்துகிறது. தண்ணீர் போத்தலில் கிடைக்கும்.