கோடையில் வேலி காத்தல்: சொந்தக்காரரிடமிருந்து வேலியைக் காப்பது குறித்து ஓர் ஆய்வு

வேலியைப் பற்றித் தமிழில் பழமொழி உண்டு, ஆய்வு இல்லை. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்ட முன்னோர், வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்ளாதே என்று எச்சரித்த முன்னோர், சித்திரை வைகாசியில் அந்த வேலியை என்ன செய்வது என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். இதை மறதி என்று கொள்வது எளிது. சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் சொல்லவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. கோடையில் வேலிக்கு உள்ள ஒரே பராமரிப்பு, அதன் சொந்தக்காரரை அதன் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதே.

ஆய்வுக்களமாகக் காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளை எடுத்துக்கொள்வோம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாட்டுக்கென்றே விடப்பட்ட இந்த மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது முள்ளுக்கிளுவை. வெள்ளைப்போளமும் குக்குலுவும் தருகிற மரங்களுக்கு நெருங்கிய பங்காளி அது. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த மரியாதையில் காலணாகூட அதற்குக் கிடைக்கவில்லை. வெயில் ஏற ஏறக் கிளுவை இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாகிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவர் விறகு என்றே முடிவு கட்டுவார். கிட்டே போய், காகிதம்போல் உரிந்து நிற்கும் மேல்தோலை விலக்கி நகத்தால் ஒரு கீறு கீறினால் உள்ளே பச்சை தெரியும்; விரலில் பிசுக்கும் மணமும் ஒட்டும். வேலி சாகவில்லை, செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. இலை இருந்தால் இலை வழியே நீர் போகும். வரவு இல்லாத மாதத்தில் அந்தச் செலவு வேண்டாம் என்று செடியே கணக்குப் பார்த்து நிறுத்திவிட்டது. சிக்கல் செடியிடம் இல்லை. மானாவாரிக் காட்டில் அறுவடை முடிந்து ஆடிப்பட்டம் வரும்வரை சொந்தக்காரருக்கு வேலை கிடையாது. கையில் கொடுவாள் இருக்கிறது, கவைக்கோல் இருக்கிறது, எதிரே விறகுபோல் ஒன்று நிற்கிறது. கோடையில் வேலிகளுக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதிக்கு இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடுவதே காரணம் என்று கருத இடமுண்டு.

பிறர் கருத்தை முதலில் ஏற்பதுபோல் ஏற்றுப் பிறகு களைவதும் நூலாசிரியருக்கு உரிய மதங்களில் ஒன்று என்று நன்னூல் வகுத்திருக்கிறது, அவ்வழியே செல்வோம். இலை உதிர்ந்த வேலியில் ஆடு புகுந்துவிடாதா என்பது முதல் தடை. நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்டைத் தடுப்பது இலை என்று யார் சொன்னது? தடுப்பது முள். அந்த முள், இலை இருக்கும்போது மறைந்தும் இலை போனபின் பளிச்சென்று தெரியும்படியும் நிற்கிறது. போதாததற்குக் கிளுவைத் தழை ஆடு விரும்பித் தின்னும் தீவனம். ஆகவே தழைத்த வேலி ஆட்டுக்கு விருந்து, மொட்டை வேலி வெறும் முள். வேலி தன் தொழிலைச் சுத்தமாகச் செய்வது கோடையில்தான் என்ற முடிவு இதிலிருந்து தானே வந்து விழுகிறது. வெயிலில் உள்ளே இருக்கும் புல்லும் காய்ந்து, வெளியே இருக்கும் புல்லும் காய்ந்திருக்கையில் எந்தப் பக்கத்து ஆட்டுக்கு எந்தப் பக்கம் போக ஆசை வரும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இரண்டாம் தடை சற்றுப் பலமானது. வேலியில் சந்து விழுந்தால் அடைக்க வேண்டாமா? சீமைக்கருவேல முள்ளை வெட்டிவந்து திணித்தால் ஆயிற்றே? இதற்கு விடை சொல்லத் தகுதி உடையவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் கட்சியைத் தோற்றுவித்தவராக நாம் அறிந்த இவர், அதற்கு முன் 1867 முதல் 1870 வரை வட இந்தியாவில் உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்தார். உப்புக் கடத்தலைத் தடுக்க ஆங்கிலேயர் நட்ட மாபெரும் வேலி அவர் பொறுப்பில் இருந்தது. அதில் கணிசமான தூரம் வெட்டிக் குவித்த காய்ந்த முள். ஒரு மைலுக்கு 250 டன் முள் தேவை என்றும், அதில் ஏறக்குறைய பாதியை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கிறது என்றும் ஹியூம் கணக்கிட்டார். அந்தப் பாதியைக் கரையான் தின்றது, தீ தின்றது, சூறைக்காற்று தூக்கிக்கொண்டு போனது. வெறுத்துப்போய் அவர் இலந்தை, களா, கள்ளி என்று உயிருள்ள வேலிக்கு மாறினார். சுங்கக் கோடு உச்சத்தில் இருந்தபோது அதைக் காத்தவர்கள் சுமார் 14,000 பேர். அத்தனை பேரும் கோடை கோடையாகப் பாதுகாத்த வேலியை 1879 ஏப்ரல் 1ஆம் தேதி அரசாங்கமே கைவிட்டது. உப்பு வரியைச் சீராக்கியதும் வேலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 14,000 பேரால் ஆகாதது ஒரு கொடுவாளால் ஆகும் என்று நம்புவது தன்னம்பிக்கையைக் காட்டலாம், அறிவைக் காட்டாது. சந்து விழுந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, மழை பார்த்து அங்கே கிளுவைப் போத்து ஊன்றுவதே முறை. அதுவரை ஒரு படலைச் சாத்திவைத்தால் போதும்.

நகரத்தார் இங்கே குறுக்கிடுவார்கள். அவர்கள் வீட்டு முன்னால் இருப்பது கிளுவை இல்லை. மஞ்சள் இலைத் துராந்தாவோ இட்லிப்பூவோ மருதாணியோ. இவற்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. காலையிலோ வெயில் தாழ்ந்தோ வேரில் ஊற்றலாம். ஆனால் மே மாதத்தில் அதன் தலையைச் சமமாக வெட்டுவதற்கு எந்தச் சான்றும் துணை நிற்காது. மேல் இலையை வெட்டினால் இதுவரை நிழலில் இருந்த உள் இலை திடீரென்று வெயிலில் நின்று கருகும். புதிதாக வரும் துளிரோ இருக்கிற ஈரத்தையும் கேட்கும். இதைவிடக் கொடியது பெருக்குதல். வேலிக்கு அடியில் விழுந்த சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கிற மூடாக்கு. அதைக் குப்பை என்று கூட்டிச் சேர்த்து, வேலியோரமாகவே குவித்துத் தீ வைப்பது நம் தெருக்களில் சுகாதாரம் என்ற பெயரில் நடக்கிறது. மறுநாள் வேலி பாதி பழுப்பு, பாதி பச்சையாக நிற்கும். வெயிலில் பட்டுப்போச்சு என்று வீட்டுக்காரர் சொல்வார். வெயில் பதில் சொல்வதில்லை.

வெட்டாமல் விடுவது சோம்பேறித்தனம் என்று இன்னும் முணுமுணுப்பவர்களுக்காக ஒரு சட்டச் சான்று. இங்கிலாந்தில் விளைநிலத்து வேலிச்செடிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டுவதற்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2024இன் ஒழுங்குமுறை தடை விதிக்கிறது. குருவிகள் கூடு கட்டும் காலம் அது. நம் தோட்டத்திலும் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு வைப்பதை அந்த வீட்டுக்காரரைத் தவிர எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆக, அங்கே சட்டம் போட்டுக் கொண்டுவந்த சும்மா இருத்தலை நாம் இலவசமாகவே கடைப்பிடிக்கலாம்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. வேலி வெட்டுகிறவர் தன் பக்கம் மட்டும் வெட்டியதாக வரலாறு இல்லை. ஒரு சாண் அந்தப் பக்கம் போகும். பக்கத்துக் காட்டுக்காரர் அரைமுழம் இந்தப் பக்கம் வருவார். பிறகு வக்கீல் வருவார். மே மாதத்திலோ உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால அமர்வு இருக்கிறதே என்றால், ஒரு முழம் கிளுவை அவசரமான விஷயம் என்று அங்கே மெய்ப்பிக்க வேண்டும். ஜூனில் கதவு திறக்கும்வரை பொறுத்தால், அதற்குள் ஒரு நல்ல மழை இறங்கிவிட்டாலே போதும். வேலி இரண்டு பக்கமும் தழைத்துக்கொள்ளும், எல்லைக்கல்லைத் தேடுகிற வேலை சர்வேயருடையதாகிவிடும்.