தபால்ல வந்தாத்தான் வாழ்த்து

மார்கழி பிறந்துவிட்டால் வாழ்த்துக்காரர் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. விம்கோ நகர், காலடிப்பேட்டை, ராயபுரம் என்று வடசென்னையில் பேட்டைக்கு ஒருவராவது இவரைப்போல் இருப்பார். ஆலையில் இரும்போடு மல்லுக்கட்டிய கை, ரிட்டயர் ஆனபின் கத்தரிக்கோல் பிடித்துப் பொங்கல் வாழ்த்துச் செய்கிறது.

கச்சாப்பொருள் கல்யாணப் பத்திரிகைகள். மற்றவர்கள் முகூர்த்த நேரம் பார்ப்பார்கள். இவர் அட்டையை விரலால் நிமிண்டிப் பார்த்து, "நல்ல சம்பந்தம்பா, 300 ஜி.எஸ்.எம். இருக்கும்" என்பார். தங்க நிறப் பிள்ளையாரை பிளேடால் பெயர்த்தெடுப்பார். பேரன் விட்டு மிஞ்சிய பச்சைக் காத்தாடி பேப்பர் கரும்பாகும். பசைக்கு மைதா காய்ச்சுவார். மஞ்சள் தாளில் நட்சத்திரம் வெட்டினால் ராயபுரத்து நண்பருக்குக் கிறிஸ்துமஸ். வட்டம் வெட்டினால் பொங்கல் சூரியன். அந்த வட்டத்தில் ஓரமாக ஒரு கீற்றை நறுக்கினால் ரம்ஜான் பிறை. மூன்று மதமும் ஒரே தாளில் சிக்கனமாக அடங்கிவிடும்.

கடைவாசலில் கயிறு கட்டி எம்.ஜி.ஆரும் சிவாஜியும், பிறகு ரஜினியும் கமலும் பொங்கல் வாழ்த்தாகத் தொங்கிய காலத்தில் வளர்ந்தவர். கவரை ஒட்டாமல் மடித்துச் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அப்போது தபால் செலவு குறைவு. திறந்த கவர் என்பதால் ரஜினி ரசிகனுக்குக் கமல் படம் அனுப்பினால், அவன் பார்ப்பதற்குள் தெருவே பார்த்துவிடும். பாதிச் சண்டைகள் வாழ்த்தால் வந்தவை.

1972-இல் பின்கோடு வந்ததும் இவருக்குச் சொந்தபந்தமெல்லாம் எண்களாகிவிட்டது. எண்ணூர் 600057 என்பதால் அங்கே வாழ்க்கைப்பட்ட தங்கச்சியை "ஐம்பத்தேழு போன் பண்ணிச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

பக்கத்து வீட்டுக்கும் தபாலில்தான் வாழ்த்து. "சுவத்துக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நான். கையில குடுத்தா ஆகாதாண்ணே?" என்று கேட்டால் கோபம் வரும்.

"கையில குடுத்தா அது நோட்டீஸுபா. தபால்ல வந்தாத்தான் வாழ்த்து."

கவர் பெட்டியில் விழுந்து, பை ஏறி, முத்திரை வாங்கி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, 600019-இலிருந்து 600019-க்கே வந்து சேர நாளாகும். அதுவரை இவருக்குத் தூக்கம் வராது. காலையில் பல் தேய்த்தபடியே எட்டிப் பார்ப்பார்.

"இன்னாபா, வந்துச்சா?"

"இன்னாண்ணே வரணும்?"

"இல்ல… சும்மா கேட்டேன். கரும்பு போட்ட கார்டு."

உள்ளே என்ன இருக்கிறது என்பது முழுக்கத் தெரிந்தபின் கார்டு வரும். அதோடு தபால்காரரும் நிற்பார். 20 கிராம் வரைக்கும்தான் 5 ரூபாய்த் தபால்தலை. இவர் அட்டைமேல் அட்டை ஒட்டி, பொங்கல் பானையில் நிஜப் பச்சரிசி பதித்திருப்பார். குறைந்த தபால்தலைக்கு இரண்டு மடங்கு, வாங்குகிறவர் தலையில். வருஷா வருஷம் 10 ரூபாய் தண்டம் கட்டித்தான் தெரு இவர் அன்பை வாங்குகிறது. வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னாலோ, பதில் கார்டு வரும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

போன பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பழிவாங்க நினைத்தார். காசிமேட்டிலிருந்து கிளிஞ்சல் கொண்டுவந்து, அட்டை நெளிய நெளிய ஒட்டி, 5 ரூபாய்த் தபால்தலையோடு இவருக்கே அனுப்பினார். தபால்காரர் வாசலில் நின்று 10 ரூபாய் கேட்டார். தெரு மொத்தமும் ஜன்னலில்.

வாழ்த்துக்காரர் வேட்டி மடிப்பிலிருந்து காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கார்டோடு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். ஒரு கிளிஞ்சலை நகத்தால் தட்டினார். அது கையோடு வந்துவிட்டது.

"பசையில தண்ணி ஜாஸ்திபா. அடுத்த வருஷம் மைதாவை என்னாண்ட வந்து வாங்கினு போ."