மரம் எழுதிய மழைக் கணக்கு

கேள்வி: வளையத்தை எண்ணி மரத்தின் வயதைச் சொல்வது சரி. பழைய மழையையும் சொல்லிவிடுவார்களாமே?
- கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: சொல்வார்கள். மழை கொழித்த வருஷம் வளையம் அகலம்; பொய்த்த வருஷம் ஒல்லி. ஆனால் ஒற்றை மரத்தின் சாட்சியை ஏற்க மாட்டார்கள். அதைப் பூச்சி தின்றிருக்கலாம், பக்கத்து மரம் வெயிலை மறைத்திருக்கலாம். அந்தக் காட்டில் பல மரங்களிலும் அதே வருஷத்து வளையம் இளைத்திருந்தால்தான் பழி மழை மேல் விழும். இந்த வித்தையைத் தொடங்கிவைத்த டக்ளஸ் தாவரவியல்காரர் அல்ல, சூரியப் புள்ளிகளைத் துரத்திய அமெரிக்க வானியலாளர். 1937-ல் அரிசோனாவில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கினார்.

கேள்வி: எங்கள் கொல்லையில் கொள்ளுத்தாத்தா வைத்த பனை நிற்கிறது. அந்தக் காலத்து வறட்சி அதில் பதிவாகியிருக்குமா?
- விவசாயி, மணிமங்கலம்

பதில்: இருக்காது. பனையும் தென்னையும் வருஷா வருஷம் சுற்றுப் போட்டுப் பருப்பதில்லை. வெளியே வைரம், உள்ளே சோறு. வைரம் வெளியே இருப்பவற்றை மரமாகவே ஏற்காமல் ‘புல்’ என்று ஒதுக்கியது தொல்காப்பியம். நுங்கு கேளுங்கள், தரும். வரலாறு கேட்காதீர்கள்.

கேள்வி: தேக்கு இழைக்கிறேன். எந்தக் கோடு ஒரு வருஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- தச்சர், படப்பை

பதில்: பலகையின் முகத்தை விடுங்கள், குறுக்கே அறுத்த முனையைப் பாருங்கள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, ஈரத்துணியால் ஒரு துடை. ஊசியால் குத்தியது போலப் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். கோடையில் இலையுதிர்த்துச் சும்மா இருந்த தேக்கு, மழை கண்டதும் தண்ணீரை மேலே ஏற்றப் போட்ட குழாய்கள் அவை. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசை வரை ஒரு வருஷம். ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கியது கானா தேக்கு என்றால், நீங்கள் படிப்பது ஆப்பிரிக்க மழையை!

கேள்வி: தென்னாட்டுத் தேக்கை யாராவது படித்திருக்கிறார்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரகடம்

பதில்: புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் போர்காவ்ன்கர் குழுவினர் கேரளத் தேக்குகளைப் படித்து, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வளையத் தொடரை 2010-ல் வெளியிட்டார்கள். எல் நினோ வந்து பருவமழை தடுமாறிய வருஷங்களில் தேக்கும் இளைத்திருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது அந்தத் தொடருக்கு வயது பதினேழு.

கேள்வி: எல் நினோ என்றால் வறட்சி என்கிறீர்கள். 2015-ம் எல் நினோ வருஷம்தானே? எங்கள் வீட்டில் கட்டில் மிதந்ததே!
- இல்லத்தரசி, முடிச்சூர்

பதில்: நியாயமான கோபம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கக் கணக்கிட்டால் 14 சதவீதம் குறைவு. நமக்கோ பெரும்பாலும் வடகிழக்குதான் படியளக்கிறது. எல் நினோ அதைக் கொழுக்க வைப்பதுண்டு. டிசம்பர் 1-2-ல் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ஆகவே மேற்கு மலைத் தேக்கை வைத்து முடிச்சூர் மழையை அளக்கக் கூடாது. மரம் தான் குடித்த தண்ணீருக்குத்தான் சாட்சி.

கேள்வி: தாது வருஷப் பஞ்சம் வளையத்தில் தெரிகிறதா?
- வாசகர், குன்றத்தூர்

பதில்: வறட்சி தெரிகிறது. அமெரிக்காவின் எட்வர்ட் குக் குழுவினர் ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து 2010-ல் ஒரு வறட்சி வரைபடத் தொகுப்பு வெளியிட்டார்கள். தாது வருஷம் அடங்கிய 1876-78 அதில் பெரிய வறட்சிகளுள் ஒன்று. ஆனால் பஞ்சம் வளையத்தில் தெரியாது. ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருக்க, வைஸ்ராய் லிட்டன் ஆட்சியில் தானியம் கப்பலேறியது. அதற்குச் சாட்சி மரத்தில் இல்லை, அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது.

கேள்வி: இதற்காக மரத்தை வெட்டுவது பாவமில்லையா?
- பசுமை ஆர்வலர், வண்டலூர்

பதில்: வெட்டுவதில்லை. உள்ளே துளையுள்ள துரப்பணத்தைத் திருகி, பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்றை உருவி எடுப்பார்கள். வெட்டியவரும் உண்டு. 1964-ல் நெவாடாவில் ஓர் ஆய்வு மாணவர், முறைப்படி அனுமதி வாங்கி ஒரு பைன் மரத்தைச் சாய்த்தார். வளையம் 4,800-ஐத் தாண்டியது. அதுவரை வயது அறியப்பட்டவற்றுள் அதுவே மூத்த மரம்!

கேள்வி: அடுத்த வறட்சி எப்போது என்று மரம் சொல்லுமா? சொல்லாதென்றால் இதனால் என்ன லாபம்?
- கடைக்காரர், படப்பை

பதில்: வருங்காலம் தெரிய வேண்டுமானால் கிளி ஜோசியரிடம் மரத்தடிக்குப் போங்கள், மரத்திடம் போகாதீர்கள். லாபம் வேறு. நம் வானிலைத் துறை பிறந்தது 1875-ல். அதற்கு முன்பே, 1756 முதல் 1768 வரை, இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை நீண்ட வறட்சி ஒன்று வாட்டியதாகக் குக் குழுவின் அதே தொகுப்பு காட்டுகிறது. 2018-ல் வடகிழக்கு ஒருமுறை ஏமாற்றியதற்கே மறு வருஷம் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு வருஷம் ஏமாற்றினால், எந்த ஊரிலிருந்து எத்தனை ரயில்? ஏரியைத் தூர் வாருவதா, பிளாட் போடுவதா என்று பேச்சு வரும்போது இந்தக் கேள்வியையும் கேட்டுவையுங்கள்.