இரண்டரை மீட்டர் சுகம்

பாரசீகத்தில் பைஜாமா என்றால் கால் உடை. அதை இரவு உடையாக்கியது வெள்ளைக்காரர்கள். மயிலாப்பூரில் அது மாட வீதியில் கீரைக்குப் பேரம் பேசும் உடை.

எனக்கும் ஒன்று தைக்கலாமென்று ரங்கநாதன் தெருவில் இடிபட்டு இரண்டரை மீட்டர் கட்டம் போட்ட பருத்தி வாங்கிவந்தேன். "ஒரு தண்ணி நனைச்சுட்டுத் தைடி" என்றாள் அம்மா. நனைக்கவில்லை. 1950களின் கடைசியில் இதே மாதிரி கட்டத் துணி 'மெட்ராஸ்' என்ற பெயரில் அமெரிக்கா போய்ச் சாயம் விட்டது. அங்கே விற்றவர்கள் அசரவில்லை, சாயம் போவதற்கே உத்தரவாதம் என்று விளம்பரம் கொடுத்து விற்றுத் தீர்த்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சாமர்த்தியம் இல்லாததால் என் கணவருடைய வேட்டிகள் இப்போது ரோஜா நிறம்.

தையல் சுலபம்தான். ஒவ்வொரு காலையும் தனித்தனியே குழாயாக மூட்டி, பிறகு இரண்டையும் கவட்டில் சேர்க்க வேண்டும். நான் நான்கு துண்டையும் வரிசையாக மூட்டினேன். வந்தது பாவாடை. பிரித்துத் தைத்தேன், கவட்டு இறக்கம் போதாமல் நிற்கலாம், உட்கார முடியாது. மறுபடி பிரித்தேன். ஊக்கு மாட்டி நாடா கோத்தபோது பாதி வழியில் ஊக்கு உள்ளேயே திறந்துகொண்டது.

தெருமுனைத் தையல்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா தைச்சாங்க? பிரிக்கத் தனி கூலி ஆகும்."